அரசாங்கத்தின் அல்தமாஷ்

நிலம் எடுக்கும் கமிஷன் உட்காருவதற்கு நூற்று நாற்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. ஆறு நாள் என்று போட்டிருந்தால் ஸ்திம்பேனி கிராமத்தில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அரசாங்கம் மணியில் எழுதியிருந்தது. நாளில் எழுதினால் ஜனங்கள் நிதானமாக யோசிப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

லுக்ரெட்சியா அதை ஊர் அலுவலகத்தின் கண்ணாடிப் பலகையில் படித்தாள். நெடுஞ்சாலைக்காக எடுக்கப்படும் நிலங்களின் பட்டியல் அது. கீழிருந்து மூன்றாவது, ஆற்றுக்குப் போகும் வழியில் இருக்கும் மேட்டு நிலம். உரிமையாளர் பந்தேலி சியோபோதாரு. அவள் இரண்டாம் முறை படித்தாள். அந்த மேட்டில் நிற்கும் பிளம் மரங்கள் ஒவ்வொன்றையும் குழி தோண்டி நட்டவள் அவள். நிலத்தைப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் பந்தேலியிடமிருந்து வாங்கியவளும் அவள்தான்.

வாங்கியதற்குப் பத்திரம் கிடையாது. ஸ்திம்பேனியில் யாருக்குமே கிடையாது. பத்திரம் வேண்டுமென்றால் நகரத்துக்குப் போய் அளவையாளரைப் பிடித்து, வரைபடம் போட்டு, நோட்டரி வாசலில் காத்திருந்து, கடைசியில் நிலத்தின் விலையை நோட்டரிக்கே கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் ஊரில் அல்தமாஷ் ஊற்றிக்கொள்வார்கள். வாங்குகிறவர் பிளம் சாராயப் பாட்டிலைத் திறந்து விற்கிறவருக்கு முதல் கிளாஸ் ஊற்றுவார். விற்கிறவர் கிளாஸைக் கையில் பிடித்தபடி, என்னுடையதாக இருந்தது, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, இனி உன்னுடையது என்று சொல்லிக் குடிப்பார். பிறகு வாங்குகிறவர், நிலத்தை என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லிக் குடிப்பார். இரண்டையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதன் பிறகு கூடியிருப்பவர்கள் குடிப்பார்கள். அவர்கள்தான் சாட்சி. எத்தனை பேர் குடித்தார்களோ அத்தனை உறுதி. லுக்ரெட்சியாவின் நிலத்துக்கு இருபத்தாறு பேர் குடித்திருந்தார்கள். ஊர்க் கணக்குப்படி அதைவிடக் கெட்டியான பத்திரம் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

இருபத்தாறு பேரில் ஒருவர் இப்போது மேயர். தெயோஃபில் என்று பெயர். பள்ளியில் லுக்ரெட்சியாவுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளைப் பார்த்து எழுதியவர்.

"எனக்குத் தெரியாதா லுக்ரெட்சியா?" என்றார் மேயர். "ரெண்டு கிளாஸ் குடிச்சேன். ரெண்டாவதுல ஈ விழுந்திருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கு."

"அப்ப அதை எழுதிக் கொடு, தெயோ."

"குடிச்சது தெயோ. இங்க உட்கார்ந்திருக்கறது மேயர். மேயர் குடிக்கலையே."

"கமிஷன்ல வந்து சொல்லவாவது செய்."

"இங்க பாரு. சட்டம் கேக்கறது ரெண்டே விஷயம். நில ஏட்டுல யார் பேரு? எடுக்கறது பொதுக் காரியத்துக்கா? பேரு பந்தேலியோடது. காரியம் ரோடு. பொதுக் காரியம் இல்லேன்னா எங்களால ஒரு பிடி மண்ணைக்கூடத் தொட முடியாது. ரோடைவிடப் பொதுவா என்ன இருக்கு, சொல்லு."

"நான் கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமா போ. உனக்குத் தீர்ப்பு வர்றதுக்குள்ள ரோடு போட்டு முடிச்சிடுவாங்க. அதுலயே ஏறிப் போய்த் தீர்ப்பை வாங்கிட்டு வரலாம். சீக்கிரமா போய்ச் சேரலாம்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. வேலை சுலபமாக நடக்கிறவர்களின் சிரிப்பு.

பந்தேலியைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பட்டியல் ஒட்டியதிலிருந்து அவர் அவளைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டார். எதிர்ப்பக்கத்தில் சாக்கடை இருந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. வரப்போகும் பணத்துக்குக் கார் வாங்குவதாக முடிவு செய்து, கார் நிறுத்த இடம் வேண்டும் என்று கோழிக்கூண்டை இடித்திருந்தார். அந்த ரோட்டினால் ஸ்திம்பேனியில் முதலில் வீடிழந்தவை பந்தேலியின் கோழிகள்தான். அவற்றுக்கு இழப்பீடு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

ரொட்டி வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரொட்டி வாங்காமல் அவரால் ஓட முடியவில்லை.

"பந்தேலி அண்ணே, அந்த நிலம்..."

"எந்த நிலம்?"

"நீங்க எனக்கு வித்தது."

"பேப்பர் இருக்கா?"

"குடிச்சீங்களே அண்ணே!"

"நான் இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும்தான் குடிச்சிருக்கேன். அப்படிப் பார்த்தா ஊர் மொத்தமும் நான் வித்ததுதான்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் அந்த இருபத்தாறு பேரில் உள்ளவர்கள். இருபத்தாறில் நால்வர் செத்துப்போயிருந்தார்கள். மூவர் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பேரை மீத்சாவின் மதுக்கடையில் பந்தேலி தினமும் கவனித்துவந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கிளாஸை மறப்பதற்கு எத்தனை கிளாஸ் வேண்டும் என்று அவர் பரிசோதனை செய்வது போலிருந்தது. பரிசோதனை நன்றாக நடந்தது.

நான்காம் நாள் கமிஷனிலிருந்து அளப்பதற்கு ஒரு பெண் வந்தாள். ஒதிலியா என்று பெயர். நிலஅளவை படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று கால் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். குரல் மிகவும் சின்னது. லுக்ரெட்சியாவின் நாய் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரைக்கிற அளவுக்கு இவள் ஒன்றுமில்லை என்று திரும்பப் படுத்துக்கொண்டது.

லுக்ரெட்சியா ஒரு கரண்டி பிளம் பாகும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்த மரமெல்லாம் யாரோடதுக்கா?" என்று கேட்டாள் ஒதிலியா.

"உங்க ஏட்டுல என்னம்மா போட்டிருக்கு?"

"ஏட்டுல மரமே இல்லக்கா. மேய்ச்சல் நிலம்னு இருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா நான் புல்லுலதான் சாராயம் காய்ச்சிட்டிருக்கேன்."

ஒதிலியா சிரித்தாள். உடனே, சிரிப்பது விதிகளில் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவள் போல வாயை மூடிக்கொண்டாள்.

"ரோடு எந்தப் பக்கமா வரும்மா? மரத்தை எப்ப வெட்டுவாங்க?"

ஒதிலியா பேனா மூடியைக் காணோம் என்று புல்லில் தேட ஆரம்பித்தாள். மூடி பேனாவில்தான் இருந்தது. நல்ல பெண், மரத்துக்காக வருத்தப்படுகிறாள் என்று லுக்ரெட்சியா நினைத்துக்கொண்டாள்.

நிலம் என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் எழுதிக்கொள்வாள். எழுதியது மேயரின் மேஜைக்குப் போகும். மேஜையில் அதன் மேல் காப்பிக் கோப்பை வைக்கப்படும். லுக்ரெட்சியா இந்த நாலு நாளும் வேறு ஒன்றை யோசித்திருந்தாள். பந்தேலி தெருவில் பொய் சொல்வார், ரொட்டி வரிசையில் பொய் சொல்வார், கோர்ட்டிலும் சொல்வார். அல்தமாஷ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார். அப்படிச் சொன்ன ஒருவனின் கிணறு உப்பாகிப் போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கிணறு முதலிலிருந்தே உப்புத்தான் என்று சிலர் சொல்வார்கள். இருந்தாலும் அதில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோம்மா," என்றாள். "இங்க கையெழுத்து மட்டும் பத்தாது. வாங்கறவங்க ஊத்தணும்."

"என்ன ஊத்தணும்?"

லுக்ரெட்சியா எல்லாவற்றையும் விளக்கினாள். யார் முதலில் குடிப்பது, கிளாஸை எப்படிப் பிடிப்பது, என்ன சொல்வது, எவ்வளவு சத்தமாகச் சொல்வது, கிளாஸைப் பிடித்துக்கொண்டு யாரும் பொய் சொல்வதில்லை என்பது வரை. ஒதிலியா கவனமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றாள்.

"ஆனா அரசாங்கம் வாங்கலையேக்கா. எடுத்துக்குது."

"அதுக்குத்தான் கண்டிப்பா ஊத்தணும்."

அன்று சாயங்காலமே லுக்ரெட்சியா மீத்சாவின் கடைக்குப் போய், அரசாங்கம் அல்தமாஷ் ஊற்றப் போகிறதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊர் மொத்தமும் கொள்கையில் உறுதியாகிவிட்டது. எல்லைப் படிவத்தில் பக்கத்து நிலக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அல்தமாஷ் இல்லாமல் போட மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இருந்த மற்ற நிலங்களுக்கெல்லாம் போன மாதம் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அப்போது யாரும் அவர்களுக்கு இதை ஞாபகப்படுத்தவில்லை.

மேயர் மதுக்கடைக்கே வந்து கத்தினார்.

"ஐரோப்பா பணத்துல போடற ரோடுடா இது! பிரஸ்ஸல்ஸ்ல போய் சாராயம் கேப்பீங்களா?"

"வந்து ஊத்தச் சொல்லுங்க, குடிக்கறோம்," என்றார் லாரி ஓட்டும் வாசிலிக்கா. அவருடைய சோளக் கொல்லை மேட்டு நிலத்தை ஒட்டியது.

"அறிவு கெட்டவனுங்களா, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்!"

"அப்ப வியாழக்கிழமையே ஊத்துங்க. நமக்கென்ன."

ஒதிலியா கடை வாசலில் நின்று தன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். உள்ளே இருந்தவர்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"இல்ல சார், அவங்க லஞ்சம் கேக்கல... ஆமா சார், நாமதான் கொடுக்கணும்... இல்ல சார், நாம கொடுக்கறதும் லஞ்சம் இல்ல... சாராயம் சார்... பிளம்... எத்தனை டிகிரின்னு தெரியல சார்."

மறுநாள் பதில் வந்தது. சடங்குச் செலவு என்று ஒரு தலைப்பு இருக்கிறதாம். அதில் திறப்புவிழாவுக்கு ரிப்பனும் கத்தரிக்கோலும் வாங்கலாம். சாராயம் பொதுப் பயன் என்பதற்குள் வராது. யாராவது சொந்த விருப்பத்தில் கொடுத்தால் அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

சொந்த விருப்பத்தில் கொடுக்க ஸ்திம்பேனியில் ஒருவரும் முன்வரவில்லை. பந்தேலி தன் பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டதாகச் சொன்னார். கடைசியில் லுக்ரெட்சியா வீட்டுக்குப் போய் நிலவறையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துவந்தாள். அந்த மேட்டு நிலத்தின் பிளம் பழம், நாலு வருடச் சரக்கு. அவள் நிலத்தை அவளுடைய சாராயத்தைக் கொண்டே அரசாங்கம் வாங்கப் போகிறது. ஆனாலும் அவள் மனம் அன்று இலேசாகத்தான் இருந்தது. பாட்டிலைத் துணியால் துடைத்து ஒதிலியாவின் கையில் கொடுத்தாள்.

"நடுங்காம ஊத்தும்மா," என்றாள்.

கமிஷன் ஊர் அலுவலகத்தில் கல்யாணம் பதிவு செய்யும் அறையில் கூடியது. சுவரில் கொடி, மேஜை மேல் பிளாஸ்டிக் பூ. கமிஷனில் மூன்று பேர் இருக்க வேண்டும். ஒதிலியாவைத் தவிர மற்ற இருவரும் வரவில்லை; அவர்களுடைய கையெழுத்துகள் மட்டும் முன்கூட்டியே வந்திருந்தன. சாட்சிகள் தலை வாரி, ஷூ துடைத்து, கல்யாணத்துக்கு வருவது போல வந்தார்கள். மீத்சா தன் கடையிலிருந்து கிளாஸ்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். உடைந்தால் யார் பொறுப்பு என்று மேயரிடம் இரண்டு முறை கேட்டாள்.

பந்தேலி புதுத் தொப்பி போட்டிருந்தார். முகம் மழுங்கச் சவரம். லுக்ரெட்சியா அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவர் கண்ணை வேறு எங்கும் வைக்க இடமில்லாதபடி நின்றாள்.

ஒதிலியா ஊற்றினாள். கொஞ்சம் மேஜை விரிப்பில் சிந்தியது. இருபது ஆண்கள் அந்த ஈரத்தைத் துக்கத்தோடு பார்த்தார்கள்.

பந்தேலி கிளாஸை எடுத்தார். வாசிலிக்கா இருமலை அடக்கிக்கொண்டார். பந்தேலியின் கையில் இருந்த கிளாஸையே லுக்ரெட்சியா பார்த்தாள். இப்போது கீழே வைப்பார், இப்போது வைப்பார் என்று காத்திருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தால் அவளே பேச்சை எடுத்து உதவத் தயாராக இருந்தாள்.

பந்தேலி கூரையைப் பார்த்தார்.

"என்னுதா இருந்துச்சு. வேற யாருக்கும் கொடுக்கல. இனி அரசாங்கத்தோடது."

ஒரே மடக்கில் குடித்தார். கிளாஸ் வெடிக்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை. அவர் உதட்டை நக்கிக்கொண்டு பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல சரக்கா இருக்கே. யார் காய்ச்சினது?"

எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். துடைத்த ஷூக்கள், பார்க்கவும் நன்றாக இருந்தன.

லுக்ரெட்சியா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் பத்திரம் என்று நினைத்திருந்தது வெறும் தாகம். அன்று அவளுக்காகக் குடித்தார்கள், இன்று அரசாங்கத்துக்காகக் குடிக்கிறார்கள், நாளைக்கு யார் ஊற்றினாலும் குடிப்பார்கள். மரங்களை எப்போது வெட்டுவார்கள் என்று யாராவது முன்கூட்டிச் சொன்னால் அன்று ஊரில் இல்லாமல் எங்காவது போய்விட வேண்டும் என்று நினைத்தாள்.

"ஆச்சு," என்றார் மேயர். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பக்கத்து நிலக்காரங்க வாங்க, கையெழுத்து."

"எப்படி ஆச்சு?" என்றார் வாசிலிக்கா. "வாங்கறவங்க இன்னும் குடிக்கலையே."

"அவங்க டியூட்டியில இருக்காங்கய்யா. குடிக்க மாட்டாங்க."

"அவங்க குடிக்காம நாங்க எப்படிக் குடிக்கறது?"

அது நியாயமான கேள்வியாக எல்லோருக்கும் பட்டது. பத்துப் பதினைந்து குரல்கள் எழுந்தன. மேட்டு நிலத்தைப் பற்றி வாய் திறக்காதவர்கள் முறையைப் பற்றித் தெளிவாகப் பேசினார்கள். வாங்கறவங்க எதுக்குன்னு சொல்லணும், குடிக்கணும், அப்புறம்தான் நாங்க. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான்.

மேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, சொல்லிட்டுக் குடிச்சுடும்மா. ஒரு வாய்தான். ரோட்டுக்குன்னு சொல்லு, போதும்."

ஒதிலியா தனக்கென்று கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். கிளாஸை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். லுக்ரெட்சியா மேட்டில் செய்து காட்டிய மாதிரியே, விரல் நான்கும் சேர்த்து. நோட்டில் எழுதியதை மனப்பாடம் செய்திருந்தாள் என்பது தெரிந்தது.

"இந்த நிலம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ரோட்டுக்கு," என்றார் மேயர்.

ஒதிலியா கிளாஸுக்குள் பார்த்தாள். இந்தக் கோப்பு அலுவலகத்தில் ஆறு மேஜைகளைத் தாண்டி வந்திருந்தது. ஒரு மேஜையிலும் அவளை யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. இங்கே இருபது பேர் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பாட்டில்தான் என்பது ஊருக்குப் புதிதான அவளுக்குத் தெரியவில்லை. பந்தேலி பொய் சொன்னார் என்பதும் தெரியாது. இந்த ஊரில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னவள் லுக்ரெட்சியா. அந்த அறையில் இன்னமும் அதை நம்பிக்கொண்டிருந்தது ஒதிலியா ஒருத்திதான்.

அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று மேயருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். மேயர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சொல்லியாச்சு! ரோடுன்னு சொல்லியாச்சு. குடி, குடி!"

"பின்னாடி கேக்கல மேடம்," என்றது ஒரு குரல்.

"எனக்கும் கேக்கல."

"முன்னாடி இருக்கற எனக்கே கேக்கல," என்றாள் மீத்சா.

"இதெல்லாம் என்ன கூத்து! நான் கேட்டேன், நான் மேயர்!"

"மேயருக்கு எதுக்குக் கேக்கணும்? சாட்சிக்குத்தான் கேக்கணும்," என்றார் வாசிலிக்கா. பாட்டிலுக்கு மிக அருகில் வந்திருந்தார்.

ஒதிலியா லுக்ரெட்சியாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரத்துக்கான வருத்தம் இல்லை என்பது லுக்ரெட்சியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. வேறு என்னவோ இருந்தது. அவள் நாற்காலியை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சத்தமா சொல்லும்மா," என்றாள். "கடைசி ஆள் வரைக்கும் கேட்டாதான் கணக்கு."

ஒதிலியா மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ரோடு இந்த நிலத்துல வரல! மார்ச் மாசமே அரை கிலோமீட்டர் தள்ளி மாத்தியாச்சு. இதை எடுக்கறது மேயரோட மருமகனுக்கு, பெட்ரோல் பங்க் வைக்க!"